கிழக்கு கேலரியில் செருப்புக்கு அனுமதி இல்லை

போன வாரம் ஒரு இளம் சப்-இன்ஸ்பெக்டர் போன் செய்தார். நான் ஓய்வுபெற்ற ஸ்டேஷனில் இப்போது இருப்பவர். "மேடம், நம்ம ஊர் புட்பால் கிரவுண்டை இடிச்சுட்டுப் புதுசா கட்டப்போறாங்க. வெளியூர் ரசிகர்களோட பாதுகாப்பு, வசதி பத்தி ஒரு கலந்தாலோசனைக் கூட்டம். உங்களுக்கு அந்த கிரவுண்டுல அனுபவம் ஜாஸ்தின்னு சொன்னாங்க. ரெண்டு வார்த்தை எழுதிக் குடுங்களேன்" என்றார்.

கூட்டத்துக்கு வெளியூர்க்காரர்கள் யாரையாவது கூப்பிட்டிருக்கிறார்களா என்று கேட்டேன். "இல்லீங்க மேடம். கமிட்டிக்காரங்களும் நாமளும்தான்" என்றார். அப்புறம் என்ன கலந்தாலோசனை! மாப்பிள்ளை வீட்டுக்காரர்களே உட்கார்ந்து பெண் வீட்டுக்கும் சேர்த்துப் பேசி முடித்துக்கொள்வார்கள் போலிருக்கிறது. இரண்டு வார்த்தையில் எனக்கு முடியாது தம்பி, கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், கூட்டத்தில் படிக்க முடிந்தால் படியுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

ஊர்ப் பெயரை எழுத மாட்டேன். மன்னார்குடியிலிருந்து டவுன் பஸ்ஸில் போய்விடலாம், அவ்வளவு போதும். எழுதினால் கமிட்டிக்காரர்கள் வரிசையாக வீட்டுக்கு வந்து வருத்தப்படுவார்கள். அவர்களுக்குக் காபி போட்டு என்னால் மாளாது.

போலீஸ் பயிற்சிப் பள்ளியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. லெஃப்ட் ரைட் போட்டோம், கயிறு ஏறினோம், பெண்கள் என்பதற்காகக் கூடுதலாகத் திட்டு வாங்கினோம். கூட்டத்தைக் கலைப்பது எப்படி என்று விலாவாரியாகச் சொல்லிக்கொடுத்தார்கள். அதே கூட்டத்தை உட்கார வைப்பது, குடிக்கத் தண்ணீர் கொடுப்பது, பத்திரமாக வீட்டுக்கு அனுப்புவது எல்லாம் போலீஸ் வேலை என்று ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. கான்ஸ்டபிளாகச் சேர்ந்து, தலை நரைத்த பிறகு சப்-இன்ஸ்பெக்டர் ஆனேன். அந்த ஊருக்கு மாற்றலாகிப் போனது அப்போதுதான்.

அந்த ஊரில் ஆகஸ்ட் பதினைந்தை ஒட்டி ஒரு கால்பந்துப் போட்டி நடக்கும். சீர்காழி, பாபநாசம் என்று பல பக்கத்திலிருந்தும் டீம்கள் வரும். டீமோடு ஊர் சனமே லோடு வேனில் ஏறி வந்துவிடும். கிரவுண்டின் மேற்குப் பக்கம் தகரக் கூரை போட்ட கேலரி. அங்கே உள்ளூர்க்காரர்கள், நடுவில் மேடை, சோபா, மின்விசிறி, தட்டு நிறைய வறுத்த முந்திரி. எதிரே கிழக்குப் பக்கம் வெறும் சிமெண்ட் படிக்கட்டு. எந்தக் காலத்திலோ கட்டியது, காரை பெயர்ந்து உள்ளே இருக்கும் கம்பி பல்லை இளித்துக்கொண்டிருக்கும். மத்தியானத்துக்கு மேல் வெயில் நேராக முகத்தில் அடிக்கும். பின்னால் ஆள் உயரத்துக்கு மேல் மதில், மதிலுக்குப் பின்னால் பாசன வாய்க்கால். வெளியே போக, மதிலில் வாய்க்கால் கரைக்குத் திறக்கிற ஒரே ஒரு இரும்பு கேட். அதிலும் ஒரு கதவை வெல்டிங் வைத்து அடைத்துவிட்டார்கள், ஆடு மாடு வருகிறதாம். வெளியூர் ரசிகர்களுக்கு ஒதுக்கிய இடம் அதுதான். "விருந்தினர் கேலரி" என்று பெயர் வேறு எழுதியிருந்தார்கள், வெட்கமே இல்லாமல்.

அங்கே கக்கூஸ் கிடையாது. நான் போன முதல் வருஷம், பாபநாசத்துப் பக்கமிருந்து வந்த பெண்கள் சிலர் என்னிடம் வந்து கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். நான் இன்ஸ்பெக்டரிடம் போய்ச் சொன்னேன். "சுத்தி வயல்தானே இருக்கு" என்றார். நாற்று நட்ட வயல், முழங்கால் தண்ணீர். இவர் வீட்டுப் பெண்களை அங்கே அனுப்புவாரா? தெருவில் ஒரு வீட்டுக் கதவைத் தட்டி, யூனிபார்மைக் காட்டி, அந்தப் பெண்களை உள்ளே அனுப்பினேன். அன்று சாயங்காலம் வரை அந்த வீட்டுக்காரம்மா என்னை முறைத்துக்கொண்டே இருந்தார்.

இன்ஸ்பெக்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கெட்ட வார்த்தை பேச மாட்டார், கை நீட்ட மாட்டார், சத்தம் போட்டும் பார்த்ததில்லை. எங்கே போனாலும் அவருக்கென்று ஒரு நாற்காலி ஜீப்பில் வரும். அதில் பூந்துவாலை விரித்து, சுருக்கம் நீவி, அப்புறம்தான் உட்காருவார். யார் என்ன முறையிட்டாலும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி கடைசி வரை கேட்பார். ஆஹா, மனுஷன் எவ்வளவு பொறுமையாகக் கேட்கிறார் என்று நமக்கே உருகும். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "பிராக்டிகலா பாரும்மா" என்பார். அதோடு முடிந்தது. அந்த ஒரு வார்த்தைக்குப் பதில் சொல்லி ஜெயித்தவர்கள் எங்கள் ஸ்டேஷனில் யாரும் இல்லை.

இரண்டாம் வருஷம் கால் இறுதி ஆட்டத்தில் ஒரு செருப்பு பறந்தது. நடுவருக்கு எறிந்தது, குறி தப்பி மேடையில் முந்திரித் தட்டில் விழுந்தது. எறிந்தவன் உள்ளூர்க்காரன், மேற்கு கேலரி, கமிட்டித் துணைச் செயலாளரின் மச்சினன். எல்லோருக்கும் தெரியும். மறுநாள் காலையில் இன்ஸ்பெக்டர் எங்களை நிறுத்தி வைத்து உத்தரவு போட்டார். "செருப்பு ஒரு வெப்பன். கிழக்கு கேலரிக்குப் போறவங்க எல்லாரும் கேட்லயே செருப்பைக் கழட்டிட்டுத்தான் போகணும்."

"ஐயா, எறிஞ்சது மேக்கால உக்காந்திருந்தவன்" என்றேன்.

"உள்ளூர்க்காரன் மேல கை வெச்சா நாளைக்கு ஸ்டேஷன் வாசல்ல வந்து உக்காருவாங்க. பிராக்டிகலா பாரும்மா."

"ஷூ போட்டுட்டு வர்றவங்க?"

"ஷூ பரவாயில்ல. கழட்ட நேரமாகும்."

எவ்வளவு யோசனை பாருங்கள்! தஞ்சாவூர்க் கல்லூரிப் பிள்ளைகள் ஷூ மாட்டிக்கொண்டு டக் டக்கென்று உள்ளே போவார்கள். ரப்பர் செருப்பு போட்டவன் மட்டும் வெறுங்காலோடு கொதிக்கிற சிமெண்டில் ஏற வேண்டும். கேட்டில் என்னை நிறுத்தினார். பெண் போலீஸ் நின்றால் வெளியூர்க்காரன் எகிற மாட்டான் என்பது அவருடைய இன்னொரு பிராக்டிகல்.

அரை இறுதியில் உள்ளூர் டீமோடு மோத வந்தது பக்கத்துத் தாலுகாவில் ஒரு காலனி டீம். அவர்களுடைய தாத்தாக்கள் இந்த ஊர்ப் பண்ணைகளில் ஏர் ஓட்டியவர்கள். பேரன்கள் இன்ஜினியர், நர்ஸ், பாங்கு வேலை என்று போய்விட்டார்கள், சொந்தமாக நிலமும் வாங்கியிருக்கிறார்கள். அவர்களிடம் போய், இந்த ஊருக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு வா என்று நான் சொல்ல வேண்டும். அதுவும் சுதந்திர தினப் போட்டிக்கு! உத்தரவு போட்டவருக்கு இது தோன்றவே இல்லையா, தோன்றியும் போட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எதுவாக இருந்தாலும் மன்னிக்க முடியாது.

இளைஞர்கள் முணுமுணுத்துக்கொண்டே கழற்றினார்கள். கேட்டுக்குள்ளேயே குவித்தோம், வேறு இடமில்லை. கடைசியாகக் கலியமூர்த்தி வாத்தியார் வந்தார். ரிட்டயர்டு தலைமை ஆசிரியர், அந்த டீமின் கோல் கீப்பருக்கு அப்பா. வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, காலில் ஆஸ்பத்திரியில் கொடுக்கிற நீல நிற சர்க்கரைச் செருப்பு. இடது காலில் சுண்டுவிரல் இல்லை.

"ஏம்மா, எங்கப்பா இந்த ஊர்ப் பெரிய தெருவுல செருப்பைக் கையில தூக்கிக்கிட்டு நடந்தவரு. என்னையும் தூக்கச் சொல்றியா?" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "அதை விடு. எனக்குச் சுகர். பாதத்துல உணர்ச்சியே கிடையாது. சுட்டாலும் தெரியாது, முள்ளு குத்தினாலும் தெரியாது. வெறுங்கால்ல ஒரு புண்ணு வந்துட்டா காலையே எடுக்கணும்னு டாக்டர் சொல்லிட்டாரு."

"நீங்க போட்டுக்கிட்டே போங்க சார்" என்று உள்ளே அனுப்பினேன். அதுதான் போலீஸ் வேலை என்று நினைத்தேன்.

அவர் படியில் உட்கார்ந்து முகத்தைக்கூடத் துடைத்திருக்க மாட்டார், எதிர்ப்பக்கத்து மைக் கரகரத்தது. "கிழக்கு கேலரியில் காலணியுடன் அமர்ந்திருக்கும் பெரியவர் அவர்கள், தயவுகூர்ந்து காலணியைக் கழற்றி ஒத்துழைப்பு நல்குமாறு விழாக் கமிட்டியின் சார்பில் அன்போடு கேட்டுக்கொள்கிறோம்." அன்போடு! மேற்கு கேலரி மொத்தமும் திரும்பிப் பார்த்தது. விசில் அடித்தான்கள், ஊளையிட்டான்கள். நான் வாக்கி-டாக்கியில் கத்தினேன். "ஐயா, அவரு சுகர் பேஷண்ட். கால்ல உணர்ச்சி கிடையாது. சிமெண்ட் கொதிக்குது."

"அவரு ஒருத்தருக்கு விட்டா எல்லாரும் சுகர்ம்பாங்க. பிராக்டிகலா பாரும்மா."

மைக் மறுபடியும் அன்போடு கேட்டுக்கொண்டது. பெரியவர் ஒத்துழைக்கும் வரை ஆட்டம் தொடங்காதாம். கோல் போஸ்ட்டில் அவர் மகன் கையுறையைக் கழற்றிக்கொண்டு வெளியேறப் பார்த்தான். வாத்தியார் எழுந்து, நில்லு என்று கையைக் காட்டினார். குனிந்து வாரை அவிழ்த்தார். இறங்கி வந்து என் கையில் செருப்பைக் கொடுத்துவிட்டு ஏறிப் போனார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த மைக்கைப் பிடுங்கி வாய்க்காலில் போட்டிருப்பேன். அந்த ஜோடியைக் குவியலில் போடாமல் சுவரோரமாக வைத்தேன்.

துண்டைக் காலடியில் விரித்துக்கொண்டார். ஆனால் பெற்ற பிள்ளை கோல் போஸ்ட்டில் நிற்கும்போது எந்த அப்பா துண்டின் மேலேயே உட்கார்ந்திருப்பார்? எழுந்தார், படியோரமாக நடந்தார், கத்தினார். ஆட்டம் பெனால்டி வரை போனது. கடைசிப் பந்தை அந்தப் பையன் பாய்ந்து பிடித்ததும் கிழக்கு கேலரி குதித்தது. வாத்தியாரும் வெறுங்காலோடு குதித்தார்.

தோற்ற கோபத்தில் மேற்கிலிருந்து கல் வர ஆரம்பித்தது. வெப்பன் எல்லாம் எந்தப் பக்கம் இருந்தது என்று அப்போது தெரிந்தது. கிழக்கு கேலரி மொத்தமும் அந்த ஒற்றைக் கதவை நோக்கி ஓடி வந்தது. வந்தவர்கள் குவியலுக்கு முன்னால் நின்றுவிட்டார்கள். தன் செருப்பு எது என்று ஒவ்வொருவரும் குனிந்து தேடுகிறார்கள். கோவில் வாசலில் தேடுவோமே, அதே மாதிரி. பின்னால் வருகிறவர்களுக்கு முன்னால் இருப்பவர்கள் குனிந்திருப்பது தெரியாது. நெட்டித் தள்ளுகிறார்கள். ஒரு பெண் குழந்தையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு மூச்சு விட முடியாமல் நின்றாள்.

"செருப்பை விடுங்க, வெளிய போங்க" என்று தொண்டை கிழியக் கத்தினேன். யார் கேட்டார்கள்? நானும் கூட இருந்த இரண்டு கான்ஸ்டபிள்களும் லத்தியாலும் பூட்ஸாலும் அந்தக் குவியலை வெளியே தள்ளித் தள்ளி, வாய்க்காலில் இறக்கிவிட்டோம். தேட ஒன்றுமில்லை என்று ஆன பிறகுதான் கூட்டம் நகர்ந்தது. வாய்க்கால் நிறையத் தண்ணீர். ஊர்ச் செருப்பெல்லாம் குறுவை வயலுக்கு மிதந்துபோயிற்று. ஒரு உயிரும் போகவில்லை. சுவரோரம் வைத்த நீல ஜோடியும் அந்தத் தள்ளுமுள்ளில் எங்கே போனது என்று தெரியவில்லை.

வாத்தியாரை இரண்டு பையன்கள் தாங்கி வேனில் ஏற்றினார்கள். பாதத்தில் தோல் பை மாதிரி உப்பி, உடைந்திருந்தது. அவருக்கு வலிக்கவில்லை. "எம்மவன் புடிச்சான் பாத்தியாம்மா" என்று என்னிடம் சிரித்துக்கொண்டே போனார். புண் சீழ் பிடித்து, தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே இடது காலை எடுத்துவிட்டார்கள்.

எனக்கு மெமோ வந்தது. பொதுமக்களின் உடைமைகளை வாய்க்காலில் எறிந்து காவல்துறைக்குக் களங்கம் விளைவித்தேனாம். பதில் எழுதினேன். என்ன எழுதினேன் என்பதை இங்கே அச்சிட முடியாது. கூடவே கேட்டின் அடைத்த கதவைத் திறக்க வேண்டும், நிழல் வேண்டும், தண்ணீர் வேண்டும், கக்கூஸ் வேண்டும், செருப்பு உத்தரவை ரத்து செய்ய வேண்டும் என்று ஒரு மனுவும் கொடுத்தேன். இன்ஸ்பெக்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே முழுவதையும் கேட்டார். சரிம்மா, ஏதாவது செய்யணும் என்றார்.

செய்தார். அடுத்த வருஷம் அவர் டி.எஸ்.பி. ஆகிவிட்டார். கிழக்கு கேட்டில் ஒரு மேஜை, பின்னால் தட்டு தட்டாக அலமாரி, "காலணி பாதுகாப்பு மையம்" என்று பிளக்ஸ். செருப்பைக் கொடுத்தால் டோக்கன் தருவார்களாம். தொலையாதாம். அவரே வந்து ரிப்பன் வெட்டினார், கை தட்டினார்கள். மேஜையும் அலமாரியும் போட்டது எங்கே என்கிறீர்கள்? இருந்த ஒற்றைக் கதவின் வழியில், பாதியை அடைத்துக்கொண்டு! போன வருஷம் மூச்சுத் திணறிய இடத்தில் இப்போது மேஜை. தலையில் அடித்துக்கொண்டேன். அடைத்த கதவு அடைத்தபடியே இருந்தது.

காலனி டீம் அந்த வருஷமும் வந்தது. கலியமூர்த்தி வாத்தியாரும் வந்தார். ஒரு கையில் ஊன்றுகோல். இடது பக்கம் செயற்கைக் கால், இரண்டு பாதத்திலும் புதிய நீலச் செருப்பு, பின்பக்கம் வார் வைத்தது. மேஜையில் இருந்த கான்ஸ்டபிள் புதியவன், அவனுக்கு ஒன்றும் தெரியாது. "செருப்பைக் கழட்டுங்க சார், டோக்கன் தர்றேன்" என்றான். நான் வாயைத் திறப்பதற்குள் வாத்தியார் என்னைப் பார்த்து, சும்மா இரு என்பதுபோல் கையைக் காட்டினார்.

பக்கத்தில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். வேட்டியை முழங்காலுக்கு மேல் ஏற்றினார். பெல்ட்டை நிதானமாக அவிழ்த்தார். காலைக் கழற்றி, செருப்போடு சேர்த்து மேஜையின் மேல் வைத்தார்.

"டோக்கன் குடு தம்பி. திரும்பிப் போறப்ப வேணும்ல."

அந்தப் பையனுக்கு முகம் வெளுத்துவிட்டது. வலது கால் செருப்போடு வாத்தியார் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு எழுந்தார். இரண்டு பேர் தாங்கிக்கொள்ள, முதல் படியில் போய் உட்கார்ந்தார். பின்னால் நின்ற வரிசை முழுவதும் செருப்போடு உள்ளே போனது. ஒருவனையும் நான் தடுக்கவில்லை.

மேஜையில் இருந்த காலை எடுத்துக்கொண்டேன். சுற்றிப் போகவில்லை, மைதானத்தின் நடுவே நடந்தேன். பயிற்சி செய்துகொண்டிருந்த இரண்டு டீமும் பந்தை விட்டுவிட்டு நின்றது. மேடையில் ஏறி, டி.எஸ்.பி.க்கும் சிறப்பு விருந்தினருக்கும் நடுவே, முந்திரித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"ஐயா, கெழக்கு கேட்ல ஒப்படைச்சது. நம்பர் போட்டுக் குடுங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. "என்னம்மா இது... பிராக்டிகலா..." என்று ஆரம்பித்தார், மேலே வரவில்லை. விருந்தினர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். மேற்கு கேலரியில் அத்தனை பேர் கையிலும் செல்போன் உயர்ந்துவிட்டது.

"கொண்டுபோய்க் குடுத்துடும்மா" என்றார் மெதுவாக.

"நான் கேட் டியூட்டிங்க ஐயா. மேடை டியூட்டி இல்ல" என்று சல்யூட் அடித்துவிட்டு இறங்கி வந்துவிட்டேன்.

வேறு யாரையாவது அனுப்புவார் என்றுதான் நினைத்தேன். கமிட்டிக்காரர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு பக்கம் பார்த்தார்கள், யாரும் தொடத் தயாராக இல்லை. செல்போன்கள் இறங்கவில்லை. கடைசியில் அவரே எடுத்துக்கொண்டு வந்தார். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அந்த வெயிலில், தொப்பி இல்லாமல். கிழக்கு கேலரியில் ஒருவரும் விசில் அடிக்கவில்லை, ஊளையிடவில்லை. வழி விட்டு ஒதுங்கினார்கள்.

டி.எஸ்.பி. வாத்தியாருக்கு முன்னால் வந்து நின்றார். கையிலிருந்த காலை நீட்டினார். வாத்தியார் வாங்கிக்கொள்ளவில்லை. வேட்டியை ஒதுக்கிக்கொண்டு, "மாட்டி விடுங்க" என்றார்.

டி.எஸ்.பி. குனிந்தார். தடுமாறிப் படியில் கையை ஊன்றினார். சட்டென்று இழுத்துக்கொண்டு கையை உதறினார்.

"அடேயப்பா, என்னங்க இது, இப்படிச் சுடுது!"

"அப்படிங்களா?" என்றார் கலியமூர்த்தி வாத்தியார். "எனக்குத் தெரியலீங்களே."